ஈரச் சோகை

பாலத்துக்கு அந்தப் பக்கமே ஹாரன் சத்தம் ஆரம்பித்துவிட்டது. விட்டு விட்டு அல்ல, ஒரே இழுப்பு. மரவள்ளிக் காட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் கலைந்து ஓடின. ஹனீஃபின் லாரிதான். பாரத்தை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது அவன் ஹாரன் அடிக்க மாட்டான். பாட்டுப் போட்டுக்கொண்டு வருவான்.

அஞ்சலா ரொட்டி மாவை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

லாரி மேட்டில் முக்கி முனகி ஏறி வந்தது. காலை ஆறு மணிக்கு எப்படிப் போனதோ அப்படியே வந்தது. நாற்பத்தெட்டு கரும்புச் சோகைக் கட்டும் கயிறு அவிழாமல், தார்ப்பாய் பறக்காமல் மேலே உட்கார்ந்திருந்தன.

ஹனீஃப் குதித்து இறங்கினான்.

"சாச்சி, டீ போடுங்க. சேதிதான் நல்லா இல்லை, டீயாவது நல்லா இருக்கட்டும்."

"இன்னாடா இது? ஏன் இறக்கலை?"

"வேணாம்னுட்டாங்க."

"வேணாமா? அவங்கதானே வேணும்னு வீடு தேடி வந்து காயிதத்துல கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க?"

"காஞ்ச சோகை வேணும்னாங்க. நாம அனுப்பினது ஈரச் சோகை. கரண்டு நிலையத்து கேட்டுல நிலேஷ்னின்னு ஒரு பொண்ணு ஈரம் பார்க்கிற ஊசி மீட்டரை வச்சிக்கிட்டு நிக்குமே, அது மேல் கட்டுல குத்திச்சு. பதிமூணு. நடுக் கட்டுல குத்திச்சு. பதினாலு. இருபது வரைக்கும் எடுத்துப்பாங்க. சரி, ஜெயிச்சாச்சுன்னு நான் பீடி பத்த வச்சேன். அடி வரிசையில குத்திச்சு பாருங்க, முப்பத்தெட்டு! ஊசி கெட்டுப்போச்சுன்னு துடைச்சிட்டு மறுபடி குத்திச்சு. நாப்பத்தொண்ணு."

"ஒரு மாசமா ஒரு சொட்டு மழை இல்லையேடா."

"அதைத்தான் நானும் சொன்னேன். 'அப்ப மாடு ஏதாவது மழை பெஞ்சிருக்கும் அண்ணே'ங்குது. சின்னப் பொண்ணு, வாய் பெருசு."

அஞ்சலா சிரிக்கவில்லை. லாரியின் பின்பக்கம் போய் அடி வரிசைக் கட்டு ஒன்றுக்குள் கையை விட்டாள். வெளியே மொறமொறவென்று இருந்தது. முழங்கை வரை உள்ளே போனதும் ஜில்லென்றது. கையை இழுத்து முகர்ந்தாள். ஊறிய வைக்கோல் நாற்றம்.

"இன்னொண்ணு சொன்னாங்க சாச்சி." ஹனீஃப் குரலை இறக்கினான். "வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு பாரம் காஞ்சதா வரணுமாம். அதுவும் ஈரம்னா, கட்டு போடற மெஷினை எடுத்துட்டுப் போய் அடுத்த பள்ளத்தாக்குக்குக் குடுத்துடுவாங்களாம். கம்பமும் அங்கேயே போயிடும்."

கம்பம் என்றதும் அஞ்சலாவின் கண் சாலை ஓரத்துக்குப் போயிற்று.

மூன்று மாதமாக அந்த மின்கம்பங்கள் புல்லுக்குள் படுத்துக் கிடக்கின்றன. மேலே ஆடுகள் ஏறி உட்காரும். ஃபிஜித் தீவில், எங்கள் நசோலோ பள்ளத்தாக்கில் சாயங்காலம் மூன்று மணி நேரம்தான் வெளிச்சம். கடைக்காரரின் டீசல் இயந்திரம் ஓடும் வரை ஓடும், அதன் இருமல் நின்றால் ஊரே தூங்கிவிடும். இந்த வருஷம் லம்பாசா சாலையில் ஒரு மின் நிலையம் வந்தது. சோகையையும் வேண்டாத மரத்தையும் எரித்து மின்சாரம் எடுக்கிற நிலையம். உங்கள் பள்ளத்தாக்கிலிருந்து ஒழுங்காகச் சோகை வரட்டும், உங்கள் வீட்டுக்கே கம்பி இழுத்துத் தருகிறோம் என்றார்கள். சொன்னதோடு நிற்காமல் கம்பத்தையும் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

அஞ்சலாதான் முதலில் கையெழுத்துப் போட்டாள். அதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு காரணம் இருந்தது. வராந்தாவில், நாற்காலிக்குப் பக்கத்தில், ஒரு நீல ஐஸ் பெட்டி. அதற்குள் அவள் புருஷன் குப்புசாமியின் இன்சுலின். சர்க்கரை நோயில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய் இரண்டு வருஷம் ஆகிறது. மிச்சக் காலைக் காப்பாற்றுவது அந்தப் பெட்டிதான். இரண்டு நாளைக்கு ஒரு தடவை நாலு மைல் நடந்து முக்குக் கடையில் ஐஸ் வாங்கி வருவாள். டிசம்பர் வெயிலில் வீடு வந்து சேர்வதற்குள் பாதி ஐஸ் அவள் முதுகில் தண்ணீராக வழிந்திருக்கும். போன வருஷம் ஒரு குப்பி மருந்து அப்படித்தான் கெட்டது. அது கெட்டது தெரியாமலே பத்து நாள் ஊசி போட்டார்கள். பதினோராம் நாள் குப்புசாமியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜ் ஓடினால் போதும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"அடி வரிசை மட்டும் எப்படிடா ஈரமாகும்?" என்றாள்.

"இங்கே அடுக்கி வச்சிருந்தபோது மேலே இருந்த கட்டுதானே லாரியில முதல்ல ஏறி அடியில உட்காரும்? மேலேர்ந்து யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க சாச்சி. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அஞ்சலா டீயை அடுப்பில் வைத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள். போகிற வழியில் மழைத் தண்ணீர்த் தொட்டியை விரல் முட்டியால் தட்டினாள். டொங்கென்றது. இடுப்பளவு வரை வெறும் ஓசை. சனிக்கிழமை காலையில் அவள் தட்டியபோது கழுத்தளவுக்குத் தண்ணீர் இருந்தது. இந்த வறட்சியில் இரண்டு மாதத்துக்கு வைத்திருந்த தண்ணீர்.

கொட்டகைக்குப் பின்னால் ஆறு கட்டுகள் தனியாகக் கிடந்தன. அவள் போட்டவை அல்ல. யாரோ இழுத்து வந்த தடம் மண்ணில் நீளமாக ஓடியது. பக்கத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாளி கவிழ்ந்து கிடந்தது. அதுவும் அவள் வீட்டு வாளி இல்லை.

வராந்தாவுக்கு வந்தாள்.

"சனிக்கிழமை நான் மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தேனே, அப்ப யார் வந்தாங்க?"

குப்புசாமி ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தூங்கிட்டிருந்தேன்."

"ஒருத்தரும் வரலையா?"

"கொட்டகைப் பக்கம் கட்டு இழுக்கிற சத்தம் கேட்டுது. நம்ம வெட்டுக்காரன் இலைசா இருமல் மாதிரி இருந்திச்சு." ரேடியோவை இன்னும் ஒரு திருகு திருகினார். "மாதிரிதான் சொன்னேன்."

அஞ்சலாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

*

இலைசா அவள் தோட்டத்தில் கரும்பு வெட்டும் ஆறு பேர் கூட்டத்துக்குத் தலைவன். ஒரு காலத்தில் குப்புசாமி சர்தாராக இருந்த அதே கூட்டம்தான். கால் போன பிறகு கத்தியை இலைசா கையில் கொடுத்தார். பட்டம் மட்டும் கைமாறவில்லை. இன்றைக்கும் அந்த ஆறு பேருக்கும் சர்தார் என்றால் குப்புசாமிதான்.

எங்கள் பக்கத்தில் வெட்டுவதற்கு முன்னால் கரும்புக்குத் தீ வைத்துவிடுவார்கள். சோகை எரிந்து போகும், குளவி ஓடிப்போகும், வெட்டுவது சுலபம். வானத்திலிருந்து கரித்துகள் இறங்கி, காய்கிற துணி, கஞ்சிப் பானை, குழந்தை மூக்கு எல்லாம் கறுப்பாகும். சோகையை விற்க வேண்டுமென்றால் பச்சையாகத்தான் வெட்ட வேண்டும். இலை கை முகமெல்லாம் கீறும், கழுத்தில் அரிக்கும். மதியச் சாப்பாடும் டன்னுக்குக் கொஞ்சம் கூடுதலும் என்று பேசித்தான் அஞ்சலா அவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தாள். கரும்பு இல்லாத நாளில் மலைச்சரிவில் புதராக மண்டியிருந்த பிசி மரங்களையும் அவர்களே வெட்டினார்கள். சிவப்பாகப் பூத்து, யாருக்கும் உதவாமல், பத்து வருஷமாக நிலத்தை விழுங்கிக்கொண்டிருந்த மரம். அதையும் நிலையம் எடுத்துக்கொண்டது. திரும்பும் லாரியில் சாம்பல் மூட்டை வரும், உரத்துக்கு. மரம் போன இடத்தில் அஞ்சலா சேம்பு போட்டிருந்தாள்.

மதியம் சாப்பாட்டுக் கூடையோடு கரும்புக் கொல்லைக்குப் போனாள். மாமர நிழலில் ஆறு பேரும் கை கழுவி உட்கார்ந்தார்கள். சோறு, பருப்பு, டின் மீன் குழம்பு, ரொட்டி, புளிச் சட்னி. எல்லார் தட்டிலும் போட்டுவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள்.

"இலைசா, சனிக்கிழமை நீ எங்க வீட்டுக்கு வந்தியா?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"வந்தேன் அக்கா."

"எதுக்கு?"

இலைசா ரொட்டியைப் பிய்த்தான்.

"கொட்டகைக்குப் பின்னால ஆறு கட்டு கிடக்குதே. நீ இழுத்துப் போட்டதா?"

"ஆமா."

"தண்ணி ஊத்தினதும் நீதானா?"

"இல்லை அக்கா. தண்ணி நான் ஊத்தலை."

"அப்புறம் எதுக்கு வந்தே? நான் வீட்ல இல்லாத நாளாப் பார்த்து, என் கொட்டகைக்கு, என்னைக் கேட்காம?"

இலைசா தட்டைப் பார்த்தான். கத்தியைப் பார்த்தான். கூட இருந்தவர்களைப் பார்த்தான். மீசையில் வியர்வை நின்றது.

"ஒரு வேலையா வந்தேன்" என்றான்.

"இன்னா வேலை, சொல்லேன். லாரி போன பாரத்தோட திரும்பி வந்து நிக்குது. வியாழக்கிழமைக்குள்ள இன்னொரு பாரம் போகலைன்னா கம்பமும் போச்சு, மெஷினும் போச்சு. பச்சையா வெட்டக் கஷ்டமா இருந்தா முதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல? கொளுத்திட்டே வெட்டுங்கன்னு விட்டிருப்பேனே. இப்படி முதுகுக்குப் பின்னால தண்ணி ஊத்திக் கெடுக்கணுமா?"



இலைசா மெதுவாகத் தட்டைக் கீழே வைத்தான்.

"அக்கா, என் பொண்ணு சலோட்டே வெட்டுக் காலத்துல மூச்சு விடற சத்தத்தை நீங்க கேட்டதில்லை. விசில் மாதிரி இருக்கும். ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் அவ அம்மா அவளை மடியில நிமித்தி வச்சிக்கிட்டே உட்கார்ந்திருப்பா. இந்த வருஷம்தான் அந்தப் பொண்ணு படுத்துத் தூங்குது. நானா மறுபடி கொளுத்தணும்னு நினைப்பேன்?"

அவன் எழுந்தான். கத்தியைத் துடைத்து உறையில் போட்டான். மற்ற ஐந்து பேரும் எழுந்தார்கள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. சாப்பாட்டை வைத்துவிட்டு யாரும் எழுந்து போகிற ஊர் இல்லை இது. அவர்களில் கொலினியோ மட்டும் போகிற போக்கில் ஒரு ரொட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டான். கோபம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம்.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. யாரும் வரவில்லை.

அஞ்சலா தனியாகவே போய் வாரினாள். வெட்டிய கொல்லையில் சோகை முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. ஏழு நாள் வெயில் குடித்த நல்ல சோகை. தொட்டால் உடையும். வாரி வரிசையாகக் குவிக்க வேண்டும், பிறகு மெஷின் விழுங்கிக் கட்டாகத் துப்பும். ஆறு ஆண்கள் சேர்ந்தால் ஒன்றரை நாள் வேலை. பத்து மணிக்குள் அவள் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் வந்துவிட்டது. குவித்தது இரண்டு வரிசை. இன்னும் இருபத்தெட்டு.

முதுகை நிமிர்த்தி நின்றபோது வாய்க்கால் பக்கம் ஏதோ அசைந்தது. பார்த்தாள். குப்புசாமி. கக்கத்தில் கட்டையை ஊன்றி, வாய்க்கால் பலகையில் ஒரு காலும் ஒரு கட்டையுமாகத் தள்ளாடி வந்துகொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் அவர் வராந்தாவைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்ததே இல்லை.

"ஏன் மனுஷா, விழுந்து சாகறதுக்கா வந்தீங்க?" என்று ஓடினாள்.

"கையை விடு. நான் வருவேன்."

சோகைக் குவியல் மேல் உட்கார வைத்தாள். மூச்சு வாங்கியது. உட்கார்ந்ததும் ஒரு கைப்பிடி சோகையை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கினார்.

"நல்லாக் காஞ்சிருக்கு."

"அதைச் சொல்லவா வந்தீங்க?"

"எடையே இல்லை பாரு. ஊதினாப் பறக்குது."

"எடை இல்லாட்டி இன்னா? அவங்களுக்குக் காஞ்சதுதான் வேணும்."

"அது எனக்கு நேத்திக்கு ஹனீஃப் சொன்னப்புறம்தான் தெரியும்." அவர் கையைத் தட்டிவிட்டார். "அஞ்சலா, முப்பது வருஷம் மில்லு வாசல்ல கரும்பு எடை போட்டு நின்னவன் நான். எடை கூடினா சந்தோஷம், எடை குறைஞ்சா சோறு இறங்காது. வண்டி எடைமேடை ஏறுறதுக்கு முன்னால ஒரு மழை பெஞ்சிதுன்னா எல்லா சர்தாருக்கும் சிரிப்பு வரும். மழை பெய்யலைன்னா வாய்க்கால் ஓரமா வண்டியை நிறுத்துவோம். அதுக்கு மேல கேட்காதே."

அஞ்சலா வாரியைக் கீழே போட்டாள்.

"நீங்களா?"

"டன் கணக்குல வாங்குறாங்கன்னு நீதானே சொன்னே? டன்னுன்னா எடைதானே? அந்தக் கட்டைத் தூக்கிப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்திச்சு. பொம்பளை இத்தனை பாடுபட்டு இதுக்கு இன்னா கிடைக்கப் போகுதுன்னு தோணிச்சு."

"ஈரம் பார்ப்பாங்கன்னு நான் சொல்லலை?"

"நீ எல்லாத்தையும் சமையல்கட்டுலேர்ந்து சொல்றே. நான் ரேடியோல இருக்கேன்."

"ஐயோ கடவுளே!"

"குழாயை இழுத்துப் போய்க் கட்டு மேல வச்சேன். அஞ்சு நிமிஷம்னுதான் நினைச்சேன். தலை சுத்திச்சு. சர்க்கரை இறங்கிடுச்சு போல. ஒரு வாய் சீனியைப் போட்டுக்கிட்டுப் படுத்தேன், தூங்கிட்டேன். முழிச்சு, பதறிப்போய் எழுந்து பார்த்தா குழாய் மூடியிருந்திச்சு. நீ வந்து மூடினேன்னு நினைச்சு, கேட்டா திட்டுவியேன்னு வாயைத் திறக்கலை."

"நான் அஞ்சு மணி பஸ்ல வந்தேன். நான் எங்கே குழாயை மூடினேன்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இலைசாவின் இருமலைத் தவிர அன்றைக்கு வேறு யார் சத்தமும் இல்லை.

"ஆறு கட்டு!" என்றாள் அஞ்சலா. "நனைஞ்ச கட்டை வெயில்ல இழுத்துப் போட்டிருக்கான். கண்ணுக்குத் தெரிஞ்ச ஈரத்தையெல்லாம் எடுத்திருக்கான், உள்ளே இறங்கினது அவனுக்குத் தெரியலை. நான் அவனை அஞ்சு பேர் முன்னால..."

குப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் பேரை எடுத்துக் குடுத்தது நான்தான். இருமல் மாதிரின்னு சொன்னேனே, அது நாக்கு இல்லை, பாம்பு. ரெண்டு வருஷமா இந்த வீட்டுக்கு ஒரு துரும்பு எடுத்துப் போடலை நான். ஒரு தடவை போட்டேன், அது இப்படி ஆச்சுன்னு சொல்ல வாய் வரலைடி."

அவளுக்குத் திட்ட நிறைய இருந்தது. தொட்டித் தண்ணீர் ஒன்று, லாரிக் கூலி ஒன்று, அந்தப் பொண்ணு சொன்ன மாட்டு மழை ஒன்று. ஆனால் அவர் வந்த வழியைப் பார்த்தாள். வாய்க்காலிலிருந்து குவியல் வரை, ஒரு கால் தடம், ஒரு வட்டக் குழி, ஒரு கால் தடம், ஒரு வட்டக் குழி. நடுவில் ஒரு இடத்தில் இரண்டு கை பதிந்த தடமும் இருந்தது. விழுந்து எழுந்திருக்கிறார். சொல்லவில்லை.

"எழுந்திருங்க. ஹனீஃபைக் கூப்பிடணும். வேர் வாங்கணும்."

"நான்தான் குடுப்பேன்" என்றார் குப்புசாமி. "என் கையால."

*

மன்னிப்பு கேட்கப் போகிறவர், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரோடு போக வேண்டும். அந்த வேரை எதிரே வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் அதைத் தொட்டால் சண்டை தீர்ந்தது. தொடாவிட்டால் வந்த வழியே எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். இந்தியன் வீடோ ஃபிஜியன் வீடோ, எங்கள் பள்ளத்தாக்கில் இதற்கு வேறு வழி கிடையாது.

முக்குக் கடையில் இருப்பதிலேயே பெரிய கட்டாக வாங்கினார்கள். வெறும் கையோடு பெண்பிள்ளை போகக்கூடாது என்று அஞ்சலா ஏழெட்டுச் சேம்பும், ஒரு புட்டி எலுமிச்சை ஊறுகாயும், சலோட்டேவுக்குக் கொஞ்சம் பால் கோவாவும் எடுத்துக்கொண்டாள். எதில் வைப்பது என்று தேடியபோது அந்த மஞ்சள் வாளி கையில் கிடைத்தது. குப்புசாமியின் ஆஸ்பத்திரித் துணி ஊறாத வாளி வீட்டில் அது ஒன்றுதான்.

லாரியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"அவன் தொடலைன்னா இன்னா பண்றது சாச்சா?" என்றான் ஹனீஃப்.

"நாளைக்கும் வருவேன்."

"நாளைக்கு எனக்கு வேற சவாரி இருக்கு."

"அப்ப நடந்து வருவேன். வாயை மூடிட்டு ஓட்டு."

இலைசாவின் வீடு ஆற்றங்கரையில். தகரக் கூரை, பாய் விரித்த தரை. வாசலில் சலோட்டே கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பெண், எண்ணிக்கொண்டே தாண்டினாள். நாற்பது, நாற்பத்தொன்று. மூச்சு இரைக்கவில்லை. அஞ்சலா ஒரு நிமிஷம் நின்று அதைக் கேட்டாள்.

உள்ளே இலைசா இருந்தான். வந்தவர்களைப் பார்த்தான், வேர்க் கட்டைப் பார்த்தான், சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டான். மனைவி மேரேசேனி ஆற்றில் துவைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.  பாயைத் தட்டிப் போட்டான்.

குப்புசாமியைத் தரையில் உட்கார வைக்க ஹனீஃபும் அஞ்சலாவும் இரண்டு பக்கம் பிடித்தார்கள். நாற்காலி எடுக்கப் போன இலைசாவைக் குப்புசாமி கையைக் காட்டித் தடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. வேர்க் கட்டை இரண்டு கையாலும் முன்னால் வைத்தார். தலையைக் குனிந்தார்.

"இலைசா. தண்ணி ஊத்தினது நான். எடை கூடட்டும்னு ஊத்தினேன். பழி உன் மேல விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டு இருந்ததும் நான். உன் கூட்டத்து முன்னால உன் தலை குனிஞ்சுது. இப்ப உன் வீட்ல என் தலை குனிஞ்சிருக்கு. உன் அக்கா மேல தப்பு இல்லை. அவளுக்குத் தெரியாது."

"எனக்கும் தப்பு இருக்கு" என்றாள் அஞ்சலா. "கேட்ட விதம் தப்பு. நாளைக்கு நீ வந்தாலும் வராட்டியும், சோகை போனாலும் போகாட்டியும், அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கறேன். நீ கெடுத்தேன்னு சொன்னேன். நீ காப்பாத்தியிருக்கே."

இலைசாவின் கை பாயின் மேல் இருந்தது. வேருக்கும் கைக்கும் ஒரு சாண் தூரம். கை நகரவில்லை.

வெளியே சலோட்டே அறுபதைத் தாண்டியிருந்தாள்.

"இலைசா" என்றார் குப்புசாமி. தலை நிமிரவில்லை. "கேட்டுட்டேன்டா."

"கேட்டுது சர்தார்." அவன் வேரைப் பார்த்தான். "இதை நான் எடுக்க முடியாது."

அஞ்சலாவுக்கு எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. வரிசை வரிசையாகக் கிடக்கும் சோகை, புல்லில் படுத்திருக்கும் கம்பம், முதுகில் வழியும் ஐஸ் தண்ணீர். ஹனீஃப் வாசலைப் பார்த்துக்கொண்டான்.

"கோபம் ஆறலையா?" என்று கேட்டாள்.

"கோபம் இல்லை அக்கா."

"அப்புறம் இன்னா?"

 அப்போதுதான் துவைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மேரேசேனி உள்ளே வந்தாள். வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லக் குனிந்தவள் பாதியில் நிமிர்ந்தாள்.

"அடடே, என் மஞ்சள் வாளி! சனிக்கிழமையிலிருந்து தேடறேன். ஆத்துல போயிருக்கும், ஆத்துல போயிருக்கும்னு இந்த ஆளு சத்தியம் பண்ணினாரே. அக்கா, இது உங்க வீட்டுக்கு எப்படி வந்திச்சு?"

எல்லாரும் வாளியைப் பார்த்தார்கள். பிறகு இலைசாவைப் பார்த்தார்கள்.

இலைசாவின் முகம் காது வரை சிவந்தது. கழுத்தைச் சொறிந்தான். கடைசியில் கையை நீட்டி வேரைத் தொட்டான். தொட்ட கையை எடுக்காமலே தலையைக் குப்புசாமியின் அளவுக்குக் குனிந்துகொண்டு சொன்னான்:

"குழாயை மூடிட்டு, ரொம்பச் சொட்டின ஆறு கட்டை மட்டும் இழுத்துப் போட்டேன். எடை கூட்ட ஆத்துலேர்ந்து தண்ணி மொண்டுக்கிட்டு நானும் அதுக்குத்தான் வந்தேன் சர்தார், நீங்க எனக்கு முன்னாலயே ஊத்திட்டீங்க."